செம்பரத்தையும் கரிசல் மண்ணும்

விருதுநகருக்குப் போகிறேன் என்று சொன்னால், "மிளகாய் வாங்கவா, பருப்பு வாங்கவா?" என்று கேட்பார்கள். சிவகாசிக்குப் போகிறேன் என்றாலோ கேள்விக்கே இடமில்லை. பட்டாசு வாங்கத்தான் என்று தீர்மானித்துவிடுவார்கள். அந்தச் சீமைக்கு ஒருவன் பூச்செடி பார்க்கப் போகிறான் என்று கேள்விப்பட்டால், அவனுடைய சித்தம் சரியாக இருக்கிறதா என்று சந்தேகிப்பது நியாயந்தான். ஆயினும், சென்ற தை மாதக் கடைசியில் நான் மதுரையில் ரயிலேறியது ஒரு செம்பரத்தைச் செடியைப் பார்ப்பதற்காகவே.

திருத்தங்கலில் என் தமக்கை இருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லையில், மாமியார் காலத்தில் வைத்த செம்பரத்தை ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதன் தளிர்கள் மஞ்சளாய் வெளுக்கின்றன, மொட்டுகள் மலராமலே உதிர்கின்றன என்று டெலிபோனில் சொன்னாள். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை ஏதோ "கெட்டிச் செம்பரத்தை" விதை அனுப்பியிருக்கிறான், அதையும் வந்து பார் என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் தாவர சாஸ்திரம் சொல்லிக் கொடுப்பவன். ஆகையால் குடும்பத்தில் எந்தச் செடிக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். மூன்றாவதாக ஒரு வழக்கும் காத்திருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

திருமங்கலம் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறத் தொடங்குகிறது. கள்ளிக்குடி வரும்போது ஜன்னலுக்கு வெளியே கறுப்பு. கரிசல் என்கிற பெயரை இந்த மண்ணுக்கு வைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். மழை பெய்தால் இது ஊறிப் புடைத்து, செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பும். வெயில் அடித்தால் பாளம் பாளமாய் வெடித்து, பிளவுக்குள் ஒரு குழந்தையின் கை முழுவதும் நுழையும். இந்த இரண்டு குணத்துக்கும் ஈடு கொடுத்து வாழ்வதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். அந்தச் சாமர்த்தியத்தில் முதல் பரிசு பெற்றது பருத்தி.

விருதுநகர்ச் சந்திப்பில் செங்கோட்டை வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் நடந்தேன். காமராஜர் 1903-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். அவருடைய சிறிய வீட்டைப் பார்த்துவிட்டுத் தேசபந்து மைதானத்துப் பக்கம் வந்தேன். எண்ணெயில் பொரித்த பரோட்டாவின் வாசனையும் கடை வீதியிலிருந்து வந்த வற்றல் நெடியும் ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டிருந்தன. இந்த ஊர் பெயர்களை இலேசாக எடுத்துக்கொள்ளும் ஊர் அல்ல. விருதுபட்டியாக இருந்தது 1923-இல் விருதுநகர் ஆயிற்று. சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டுமென்று 1956 ஜூலையில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கியது இந்த விருதுநகரில்தான். எழுபது நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்து அக்டோபர் மாதம் அவர் உயிர் துறந்தார். அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரியில்தான் கிடைத்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று இந்த மண்ணில் நின்று ஒருவன் கேட்க முடியாது.

ஆகையால் நம்முடைய பூவின் பெயரையும் இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. நாம் பேச்சில் செம்பருத்தி என்கிறோம். பழைய வைத்திய வழக்கில் செம்பருத்தி என்பது சிவந்த பூப் பூக்கும் ஒரு ஜாதிப் பருத்தி; வீட்டுக் கொல்லையில் நிற்கும் பூச்செடிக்குச் செம்பரத்தை என்று பெயர். யாழ்ப்பாணத்தார் செவ்வரத்தை என்பார்கள், மலையாளத்தில் செம்பரத்தி. பருத்தி விளையாத இடத்தில் இந்தக் குழப்பத்தால் மோசம் ஒன்றுமில்லை. பருத்திச் சீமையில் மருந்துக்குச் செம்பருத்தி கேட்பவன் எதைக் கேட்கிறான் என்று தெரிந்துகொள்வது அவசியம். மேல்நாட்டாரும் இந்த விஷயத்தில் நமக்கு இளைத்தவர்கள் அல்ல. லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துச் சாஸ்திரி 1753-இல் இதற்குச் சீனத்து ரோஜா என்று பொருள்படும்படி ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ் என்று பெயர் சூட்டினார். இது ரோஜாவும் அல்ல. காட்டில் தானாக வளர்ந்து நிற்பதை எந்தத் தேசத்திலும் யாரும் கண்டதில்லை. இதன் உறவான இன்னொரு செடிக்குச் சிரியா தேசத்தின் பெயரை வைத்தார். அதன் பூர்விகமோ கிழக்கு ஆசியா! அந்தச் செடிதான் இன்று தென் கொரியாவின் தேசிய மலர். நம் கொல்லைச் செம்பரத்தையை மலேயாக்காரர்கள் 1960-இல் தங்கள் தேசிய மலராக்கிக் கொண்டார்கள். நாமோ அதை எண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலையில் தடவிக்கொள்கிறோம். ஒரு காலத்தில் துரைமார் வீட்டுப் பையன்கள் இதழைக் கசக்கிப் பூட்ஸுக்கு மெருகேற்றினார்கள். ஆங்கிலத்தில் இதற்குச் செருப்புப் பூ என்றே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது.

செங்கோட்டை வண்டி மெதுவாகத்தான் போகும். அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. இந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டுகொள்ள ஒரு சூத்திரம் போதும்: இதழ் ஐந்து; நடுவில் ஒரு தண்டு; அந்தத் தண்டைச் சுற்றிலும் மகரந்தப் பைகள்; தண்டின் நுனி சூலகத்தின் முடி. இலையைக் கசக்கினால் வழுவழுப்பு. பலவற்றில் புற இதழுக்குக் கீழே இன்னொரு சிறு பச்சை வளையமும் இருக்கும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பார்த்தால் வழியெல்லாம் செம்பரத்தையின் சுற்றத்தார் நிற்கிறார்கள். ஸ்டேஷன் ஓரத்தில் பூவரசு. மஞ்சள் பூ, அடியில் கருஞ்சிவப்பு, வாடும்போது முழுவதும் சிவந்துவிடும். லின்னேயஸ் இதையும் ஹைபிஸ்கஸ் என்றே எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். வெண்டைக்காய்க்கும் அதே கதிதான். கிணற்றடியில் புளிச்சைக்கீரை, வரப்பில் துத்தி. துத்தியின் பூ சிறியது, மஞ்சள், பிற்பகலில்தான் விழிக்கும், காய் சக்கரம்போல் இருக்கும். மூன்று அகன்ற மடல்களுக்கு நடுவே வெளிர் மஞ்சளாய்ப் பூத்து மறுநாள் சிவந்து உதிர்வது பருத்தி. மக்காச்சோளம் இப்போது பருத்தியின் இடத்தை வெகுவாகப் பிடித்துக்கொண்டுவிட்டாலும், திருத்தங்கல் போகும் வரை அங்கங்கே பருத்திக் காடு கண்ணில் படுகிறது.

திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் இடையே இப்போது ஊர் தொடர்ந்தாற்போல் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ எண்ணூறு மில்லிமீட்டர் மழை; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். தென்மேற்குக் காற்றின் மழையை மேற்கு மலை வாங்கிக்கொண்டு வெறுங்காற்றை அனுப்பி வைக்கிறது. இந்த வறட்சி விவசாயிக்குச் சாபம். ஆனால் 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது அதுவே வரமாயிற்று. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய காகிதம் காய வேண்டும். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. அச்சுத் தொழில் வந்தது. காளி பூஜைக்குச் செம்பரத்தையே முதல் பூ என்று கொண்டாடுகிற வங்காளத்துக்குப் போய் வந்தவர்கள் செடியைக் கொண்டுவரவில்லை; நல்ல வேளையாகத் தொழிலைக் கொண்டுவந்தார்கள். ஆனால் சிவகாசியில் அச்சாகும் காலண்டர்ப் படங்களில் அம்மனின் காலடியில் அந்தப் பூ தவறாமல் இருக்கிறது. அச்சுப் பூ கொல்லைப் பூவைவிடச் சிவப்பாக இருப்பது மையின் குற்றம்.

எதையும் காய வைக்கும் அந்த வெயில்தான் என் தமக்கையின் செடியையும் காய வைக்கிறது. வீட்டுக்குப் போனதும் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே கொல்லைக்குப் போனேன். ஐந்திதழ்ச் சிவப்பு, நமது ஊர்ச் செம்பரத்தைகளில் இதற்கு நிகரான உழைப்பாளி கிடையாது. நர்சரிக்காரர்கள் விற்கும் மூன்று நிறப் பூவும், சாண் அகலப் பூவும் பார்க்க அழகு. இந்த வெயிலில் ஒரு கோடையைத் தாண்ட அவற்றுக்கு ராஜோபசாரம் செய்ய வேண்டும். அடுக்குப் பூவும் பரவாயில்லை. மகரந்தத் தாள்கள் இதழாக மாறிவிட்டதால்தான் அது அடுக்காகிறது.

இலை மஞ்சளாவதில் இரண்டு விதம் உண்டு. அடியிலுள்ள முற்றிய இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தால், எருக் குறைவு, அல்லது வேரில் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். நுனித் தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் நின்றால், அது இரும்புப் பஞ்சம். என் தமக்கையின் செடிக்கு வந்திருந்தது இரண்டாவது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கரிசலுக்குள் சுக்கான் கல் கலந்திருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் உவர். இந்தச் சுண்ணாம்புச் சூழலில் இரும்பு வேருக்கு எட்டாமல் இறுகிப் போகிறது. பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி தொலைந்தால் எப்படியோ அப்படி. அங்கே இருந்த மருமகளுக்கு ஒரு வேடிக்கை செய்து காட்டினேன். செம்பரத்தை இதழை வெந்நீரில் ஊற வைத்துச் சாயம் எடுத்தேன். எலுமிச்சைச் சாறு விட்டால் அது பளீரென்று சிவக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீர் விட்டால் பச்சையாகும். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சாயம் மங்கிப் பச்சைச் சாயல் காட்டியது. அந்தச் செடியே தன் வியாதியைச் சொல்லிவிட்டது என்று அவள் சிரித்தாள்.

மருந்து நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: அன்னபேதி. லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம், எலுமிச்சைச் சாறு சில துளி. வெயில் தாழ்ந்த பிறகு இலையின் மேலும் கீழும் நனையத் தெளிக்க வேண்டும். பத்து நாள் விட்டு மறுபடி ஒரு தடவை. இந்த மண்ணில் வேரடியில் கொட்டினால் அதுவும் இறுகிப்போகும். இலைக்குக் கொடுப்பதே மேல். மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அதைவிடச் சிறந்த மருந்தில்லை. அரிசி கழுவிய நீர் ஊற்றலாம். குடிதண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்துத் தள்ளும் நீரை மட்டும் ஊற்றக் கூடாது. உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது. என் தமக்கை வீட்டில் அந்தக் குழாய் நேரே செம்பரத்தையின் அடியில்தான் விழுந்துகொண்டிருந்தது! தண்ணீரை வீணாக்கக் கூடாதென்ற நல்ல எண்ணந்தான்.

மொட்டு உதிர்வதற்குக் காரணம், ஒரு நாள் வெள்ளமும் நாலு நாள் பட்டினியுமாக நீர் ஊற்றுவது. குழாய் நீர் வரும் நாளில் தாராளம், மற்ற நாளில் சூனியம். அளவைக் குறைத்து, முறையை ஒழுங்காக்க வேண்டும். அடியில் நிலக்கடலைத் தோலையோ தென்னை நார்க் கழிவையோ நாலு விரல் கனம் பரப்பினால் மண் வெடிக்காது. மண் வெடித்தால் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும்.

புதிதாக வைக்க விரும்பும் இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துச் செம்பரத்தை விதை பிடிப்பது அருமை, குச்சிதான் வழி. பென்சில் பருமனுள்ள, மிக இளசும் மிக முற்றலும் அல்லாத கிளையில் ஒரு சாண் நறுக்கி, கீழ் இலைகளைக் களைந்து, மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் சாய்த்து ஊன்றுங்கள். ஐப்பசி மழைக்கு ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். கரிசலில் இரண்டடிக் குழி எடுத்து, எடுத்த மண்ணோடு செம்மண்ணும் தொழு எருவும் சம அளவில் சேர்த்து, தரைக்கு மேல் அரையடி மேடு கட்டி நட வேண்டும். பள்ளத்தில் நட்டால் கார்த்திகையில் வேர் அழுகும்.

இனி அமெரிக்க விதை. கிழிந்த உறையைக் காட்டினாள். ஹைபிஸ்கஸ் மாஸ்கியூட்டஸ். நம் செம்பரத்தையின் இலை கரும்பச்சையாய்ப் பளபளக்கும். தொட்டியில் முளைத்திருந்த மூன்று நாற்றுகளின் இலை மங்கலாக, நெஞ்சு வடிவத்தில் இருந்தது. அந்தச் செடி கெட்டி என்பது பொய்யல்ல. பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரிலும் தரைக்கு மேலே மாண்டு, வேரில் உயிரைப் பிடித்துக்கொண்டு, வசந்தம் வந்து வெகுநாள் கழித்து மறுபடி முளைக்கும். பூ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். ஆனால் அது எதற்குக் கெட்டி? பனிக்கு. அதன் பிறந்தகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலம். நித்தமும் காலை நனைத்துக்கொண்டு நிற்பது அதன் வழக்கம். திருத்தங்கலில் பனியும் இல்லை, சதுப்பும் இல்லை.

"அப்போ தூக்கிப் போட்டுடவாடா?" என்று கேட்டாள் அக்கா. பேரப்பிள்ளையின் கையெழுத்து அந்த உறையின்மேல் இருந்தது. அடியில் ஓட்டையில்லாத அகன்ற தொட்டியில், நிழலோடு கூடிய வெளிச்சத்தில், மழைநீர் உள்ள வரையில் வைத்திரு என்றேன். ஆனால் அவனிடம் இன்னொரு தடவை விதை அனுப்ப வேண்டாமென்று சொல்லச் சொன்னேன். அயல்நாட்டு விதை முறைப்படி நோயில்லாச் சான்றிதழோடு வர வேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் நியாயம் அன்று மாலையே வேலிக்கு அப்பாலிருந்து எழுந்து வந்தது.

கொல்லைக்குப் பின்னே ஒரு பெரியவரின் பருத்திக் காடு. அவர் வேலியோரம் வந்து நின்று, "வாத்தியாரையா, நான் பொல்லாதவனில்லே. தங்கச்சி வச்சிருக்க செடிய வெட்டச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? மூணு ஏக்கர் போட்டிருக்கேன். வெள்ளை வெள்ளையா அந்தப் பூச்சி இங்கேயிருந்துதானே வருது?" என்றார்.

"அண்ணாச்சி, இது எங்க அத்தை வச்ச செடி. வெட்டணும்னா நீங்களே வெட்டிக்கிடுங்க. எனக்குக் கை வராது" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவள் பேசவில்லை. விடியற்காலையில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேன் ஏறுகிற பெண்கள் நாலைந்து பேர் அந்தச் செடியில் ஆளுக்கொரு பூப் பறித்துத் தெருமுனை அம்மனுக்கு வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை அந்தத் தெருவில் யாரும் மறந்துவிடவில்லை. அவர்கள் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

பெரியவரின் பயமும் வீண்பயம் அல்ல. மாவுப்பூச்சி செம்பரத்தைக்கும் பருத்திக்கும் பொதுச் சத்துரு. உறவினர் வீட்டு வியாதி உறவினர் வீட்டுக்குத்தானே எளிதில் வரும்! 1898-இல் அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஒரு மாவுப்பூச்சி, எப்படியோ கடல் கடந்து வந்து, 2006-ஆம் ஆண்டை ஒட்டிப் பஞ்சாப் பக்கத்துப் பருத்திக் காடுகளில் பெருநாசம் விளைத்தது. பிறகு தெற்கேயும் பரவியது.

என் பையில் பூதக்கண்ணாடி இருந்தது. செடியைக் கிளை கிளையாகப் பார்த்தேன். வெண்பஞ்சு ஒட்டினாற்போல் பூச்சி இருந்தது உண்மை. எறும்புகள் அதன் தேனுக்காகக் காவல் நின்றதும் உண்மை. வேலியோரத் துத்தியிலோ அதைப்போல் பத்து மடங்கு இருந்தது. அண்ணாச்சியின் வரப்பிலும் துத்திதான். ஆனால் செம்பரத்தைக் கிளையில் வேறொன்றும் கண்டேன். பூச்சிகளில் பல வெண்மை போய், செம்பழுப்பு நிறத்தில் உப்பி, ஓடுபோல் இறுகியிருந்தன. சிலவற்றின் முதுகில் ஊசி முனையளவு துவாரம். ஒரு சின்னஞ்சிறு குளவியின் வேலை அது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, புழு உள்ளேயிருந்தே தின்று வளர்ந்து, துவாரம் போட்டுக்கொண்டு வெளியேறும். வடக்கே அந்தப் பூச்சியின் கொட்டத்தை அடக்கியதில் பெரும்பங்கு இந்தக் குளவிக்கு உண்டு. கடுமையான விஷ மருந்து அடித்தால் முதலில் சாவது இதுவே.

பெரியவர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது குளவியா? கடிக்குமா?" என்றார்.

"மனுஷரைக் கடிக்காது, அண்ணாச்சி. கொசுவைவிடச் சின்னது. செடியை வெட்டி எரித்தால் இதுவும் சேர்ந்து எரியும்."

"துத்திய என்ன செய்ய?"

"பிடுங்கிவிட வேண்டியதுதான். உங்கள் வரப்பிலும் எங்கள் வேலியிலும்."

மறுநாள் காலையில் துத்தி பிடுங்கினோம். செடியில் குளவி இல்லாத, பூச்சி அப்பிய நுனிகளை மட்டும் கத்தரித்துச் சாக்கில் கட்டி வெயிலில் போட்டோம். எறும்பேறாமலிருக்க அடித்தண்டில் கிரீஸ் தடவிய துணி சுற்றினேன். மிச்சமிருந்த பூச்சியை வேகமான தண்ணீரால் அடித்து இறக்கினாள் மருமகள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொன்னேன். குளவிகள் வெளியே வரட்டும்.

இதற்கெல்லாம் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "சித்திரை வரைக்கும் பாப்பேன், அப்புறம் அரிவாள்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் ரயிலுக்குப் புறப்படுகிற சமயத்தில் வேலிக்கு அப்பால் பார்த்தேன். எங்கள் செடியிலிருந்து முறித்த ஒரு குச்சியை, செம்பழுப்புப் பூச்சி மேலே தெரியும்படி, தம் பருத்திச் செடி ஒன்றில் நாரால் கட்டிக்கொண்டிருந்தார்.